ஆயிரம் காகங்கள்

ஆற்றுக்கு அக்கரையில் ஆயிரம் காகங்கள் படை திரட்டியிருப்பதாகவும், நாம் முந்திக்கொண்டு தாக்க வேண்டும் என்றும் கிளித்தலைவர் முழங்கினார். படையின் முதல் வரிசையில் தன் கணவன் நிற்பதைக் கண்டாள் பச்சையம்மாள் என்ற கிளி.

"எண்ணிப் பார்த்தது யார்?" என்று கேட்டேவிட்டாள்.

அக்கரைக்குப் போய் வேவு பார்த்து வந்த ஒற்றன் மைனா முன்னால் வந்தது. "ஆயிரம் பேர் போட்ட சத்தம் மாதிரி இருந்தது, அக்கா. கண்ணால் பார்த்தது ஏழுதான். அதிலும் மூன்று குஞ்சு."

"அப்புறம் எதற்குத் தலைவரே சண்டை?"

தலைவரின் பார்வை அக்கரையில் பழுத்துக் குலுங்கிய கொய்யா மரத்துக்குப் போய்த் திரும்பியதை எல்லாக் கிளிகளும் பார்த்துவிட்டன.

ஒரு கிளி வரிசையை விட்டுப் பறந்தது. பிறகு இன்னொன்று. பச்சையம்மாளின் கணவனும் வந்து அவளை உரசிக்கொண்டு உட்கார்ந்தான்.

"நம்ம குஞ்சுகளுக்குப் பசிக்கும். வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.