சுற்றளவு

சிசேரியன் முடிந்த மூன்றாம் நாள் காலை, ஏழாம் கட்டில் பெண் என்னிடம், "வயிறு கல்லு மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றாள். "வாயுதாம்மா, எழுந்து நட" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். நாடாவை எடுத்து அளந்துகூடப் பார்க்கவில்லை. குடல் உப்பி வெடித்து, மாலையே இறந்துபோனாள்.

இரண்டு வருடம் கழித்து, அதே வார்டில் பிள்ளை பெற்றிருந்த ஒருத்தி ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் அவள் ஃபைலில் வயிற்றுச் சுற்றளவு மணிக்கொரு தடவை எழுதப்பட்டிருந்தது. ஆறு மணி நேரத்தில் ஒன்பது சென்டிமீட்டர் ஏறியிருந்தது. ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தேன். குடல் வெடிக்கும் முன் காப்பாற்றிவிட்டார்கள்.

எங்களில் யாரும் அளக்கவில்லை. அவளிடமே கேட்டேன்.

"ஒரு அக்கா, வயித்தைக் கையால தாங்கிக்கிட்டே வந்து அளந்தாங்க. 'சிஸ்டரைக் கூப்பிடவா'ன்னேன். 'வேணாம், அவங்களுக்கு நேரமிருக்காது'ன்னாங்க."