நெய்ப்பொங்கல் குதிரை

ரைஸ் மில் முதலாளி வேதரத்தினம் தன் குதிரைக்கு மூன்று வேளையும் முந்திரி போட்ட நெய்ப்பொங்கல் வைத்தார். புல் மட்டும் கிடையாது. "புலி பசிச்சாலும் புல்லைத் திங்காதும்பாங்க. நம்ம வீட்டுக் குதிரை திங்குமா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார். அவர் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே யார் மறுத்துச் சொல்வார்கள்? குதிரை லாயத்தின் தேக்குக் கதவைக் கடித்துத் தின்றது. "கடிச்சாலும் தேக்கைத்தான் கடிக்குது பாருங்க" என்று அதற்கும் பூரித்தார் அந்த மகா புத்திசாலி. கடைசியில் அது வயிறு ஊதிப் படுத்தது. மாட்டு டாக்டர் மருந்து கொடுத்து எழுப்பி நிறுத்திவிட்டு, "பொங்கலை நிறுத்திட்டுப் புல்லைப் போடுங்க. இல்லேன்னா செத்துப்போயிடும்" என்றார். ஆனால் புல்லுக்கட்டு வாசலில் இறங்கினால் தெரு பார்க்குமே. வேதரத்தினம் புல்லை நறுக்கி, மிட்டாய்க்கடை அட்டைப்பெட்டிகளில் அடைத்து, காரில் கொண்டுவரச் செய்தார். லாயத்தில் முதல் பெட்டியைப் பிரிக்கும்போது சம்பந்தி வந்து நின்றார்.

"என்ன சம்பந்தி, எங்களுக்குத் தெரியாம ஸ்வீட்டா?" என்று மூடியைத் தூக்கினார். உள்ளே பச்சைப் புல். குதிரை கழுத்தை நீட்டியது. வேதரத்தினம் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அருகம்புல்லு. எனக்குத்தான். சர்க்கரைக்கு நல்லதாம்."

"அப்படியா? சாப்பிடுங்க, பாப்போம்."

அவர் ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டு மென்றார். சம்பந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெட்டி பாதி காலியாகும்வரை குதிரை வேதரத்தினத்தின் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றது.