நூற்றுமூன்றாவது கிலோமீட்டர்

மாலை ஐந்து நாற்பது. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸ்கள் ஐந்து பேர். மின்சாரக் கார்களும் ஐந்து. கடைசியாகத் திரும்பியவர் ‘நாலு பர்சென்ட் அக்கா’.

பெயர் வைத்தவள் ரேடியோ. ஐவரில் இளையவள். வாய் ஓயாததால் அவளுக்கு அந்தப் பெயர்.

“நீங்களே பாருங்க சார்!” கண்காணிப்பாளரைக் கூட்டிவந்து அக்காவின் வண்டித் திரையைக் காட்டினாள். நாலு சதவீதம்.

“அஞ்சும் ஒரே மாடல், ஒரே கலர். நான் நூத்திமுப்பது கிலோமீட்டர் சுத்தியும் பதினஞ்சு பர்சென்ட் மிச்சம். அக்கா ரூட்டு நூறுதான். தினமும் நாலு பர்சென்ட், தினமும் லேட்டு. யார் வீட்டு வேலைக்கு ஓடுது வண்டி?”

“ஆபீஸ் வண்டின்னா அவ்வளவு இளக்காரமாம்மா?” கண்காணிப்பாளர் சீறினார்.

“சார், உங்களுக்குத் தெரியாததா? நான் சொல்லிடட்டுமா?” என்றார் அக்கா.

“ஒண்ணும் சொல்ல வேணாம்! பதினாறாம் தேதியிலேருந்து வண்டியை மாத்திக்குங்க.”

சாவி ரேடியோவின் கைக்குப் போனது.

“உன் ரூட்டுக்கு இதை எடுக்காதடி.”

“ஏன், உங்க பேர்ல பட்டா போட்டிருக்கா அக்கா?”

பதினாறாம் தேதி முழு சார்ஜில் கிளம்பிய வண்டி, சார்ஜ் இறங்குவதைப் பார்த்து ரேடியோ ஏசியை அணைத்து மெல்ல ஓட்டியும், நூற்றுமூன்றாவது கிலோமீட்டரில் நின்றது. இன்னும் ஒரு வீடு பாக்கி. புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டிய கிழவர் காத்திருந்தார்.

இழுத்துப்போக வந்த மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

“இதை யாரும்மா உங்களுக்குக் குடுத்தது? அஞ்சுல இது ஒண்ணுதான் சின்ன பேட்டரி. விலை குறைச்சல்னு உங்க சார் வாங்கினது. அக்கா முதல் வாரமே கண்டுபிடிச்சுக் கேட்டாங்க. வெளியில சொன்னா தூரத்து வீடுகளையே நிறுத்திடுவேன்னார் உங்க சார். அக்கா, ‘என் ரூட்டுதான் சின்னது, நானே ஓட்டிக்கறேன்’னுட்டாங்க. ஏசி போடாம, நாப்பதுலயே உருட்டிக்கிட்டுப் போவாங்க.”



மெக்கானிக் தகவல் சொல்லியிருக்க வேண்டும். ரேடியோவின் பழைய வண்டியை அக்கா பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“மருந்துப் பையை எடுத்துக்கிட்டு ஏறுடி. பெரியவர் எவ்வளவு நேரம் வலியோட இருப்பார்?”

பதினெட்டாம் தேதி அறிவிப்புப் பலகையில் உத்தரவு ஒட்டப்பட்டது: இனி எந்த ரூட்டும் நூறு கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. புதிய பட்டியலில் கிழவரின் வீடு இல்லை.