மூடிய கை

ஆம்புலன்ஸ் அழைப்புகளை வாங்கும் மென்பொருளை இரண்டாகப் பிரிக்கலாமா என்று முடிவெடுக்கும் கூட்டம். சம்மதமென்றால் ஐந்து விரலையும் விரித்துக் காட்ட வேண்டும். கையை மூடிக் காட்டினால் வேலை அங்கேயே நிற்கும். ஆனால் மூடியவர் காரணம் சொல்லியாக வேண்டும். பூங்கோதையிடம் காரணம் இல்லை, பயம்தான் இருந்தது. பிரித்த இரண்டு பாகங்களுக்கும் நடுவே ஒரே ஒரு அழைப்பு தொலைந்துபோனால்?

"எல்லாரும் அஞ்சு காட்டியாச்சு. நீங்க மட்டும்தான் பாக்கி" என்றார் தலைமை வடிவமைப்பாளர் சேவியர், தன் வலது கையை அகல விரித்தபடி.

பதற்றத்தில் அவள் பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேசைக்கடியில், சேவியரின் முழங்காலின் மேல், அவருடைய இடது கை மூடியிருந்தது.

"என்னம்மா, முடிச்சிரலாமா?" என்று மேலே சேவியரின் குரல் கேட்டது.

கீழே அந்தக் கை இன்னும் இறுகியது.