நிழலுக்கு ரோஜா

"இந்த எடத்துல ரோஜா வெச்சிடும்மா" என்றார் சுப்பிரமணி.

ஜெயசுதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காவலூரில் காட்டை ஒட்டிக் கட்டிய வீடு. பின்பக்கம் எல்லை நெடுக நாற்பது அடிக்கு மரநிழல். உச்சிவெயிலே அங்கே எட்டிப் பார்க்க யோசிக்கும். அங்கே போய் ரோஜாவாம்.

"சார், ரோஜாவுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேணும். இங்க ஒரு மணி நேரம் அடிச்சா பெருசு."

"பரவால்ல, வெச்சிடு."

ஜெயசுதா வேலூரிலிருந்து வந்து தோட்டம் அமைத்துத் தருபவள். சொந்தமாகத் தொழில் தொடங்கி, கிடைத்த முதல் பெரிய வேலை இது. மூன்று நாள் அலைந்து இந்த நிழலுக்கென்றே செடி பொறுக்கியிருந்தாள். பின்வரிசைக்கு ஆடாதோடை, நடுவில் கருநொச்சி, முன்னால் மருளும் பெரணியும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மனுஷன், நடுவில் ஆறடிக்கு மட்டும் முரண்டு பிடித்தார். அந்த ஆறடிதான் முக்கியமான இடமே. மேலே இருக்கிற ஊர் ஜனம் பஸ்ஸுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை அதன் வழியாகத்தான் இறங்குகிறது. அதை அடைக்கத்தான் இத்தனை செடியும்.

வீடு கட்டியவன் சுப்பிரமணியின் மகன் நவீன்குமார். பெங்களூரில் வேலை. முதல் நாளே போனில் தெளிவாகச் சொல்லிவிட்டான்.

"கம்பி வேலி போட்டா பார்க்க அசிங்கமா இருக்கும் மேடம். செடியாலயே அடைச்சிடுங்க. ஒரு ஆள் நுழையக் கூடாது. நல்லா வந்துச்சுன்னா, பக்கத்துல என் ஃப்ரெண்ட்ஸ் வாங்கியிருக்கற அஞ்சு ப்ளாட்டும் உங்களுக்குத்தான்."

இந்தக் கிழவர் என்னடாவென்றால் ரோஜாவைக் கட்டிக்கொண்டு அழுகிறார்.

"ஒரு மாசத்துல காய்ஞ்சிடும் சார். என் பேரு கெட்டுடும்."

"ஜன்னல்லேருந்து பார்த்தா நேரா தெரியற எடம்மா. கலரா இருக்கட்டும். அதெல்லாம் வரும்."

செடியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாத ஆளிடம் எதைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

அந்த நேரம் பார்த்து மகனிடமிருந்து வீடியோ கால். சுப்பிரமணி போனைப் பாதைப் பக்கம் திருப்பினார். கூலிக்கு மண் கொத்திக்கொண்டிருந்த பச்சையம்மாவிடம் குரலை உயர்த்தினார்.

"இந்தா பச்சையம்மா, உங்க ஊர்ல சொல்லிடு. இனிமே ஒருத்தரும் இங்க காலை வெக்கக் கூடாது. பஸ்ஸு போனா போவட்டும், சுத்திக்கினு வாங்க."

பச்சையம்மா மேலே இருக்கிற அந்த ஊர்க்காரிதான். தன் பாதையைத் தானே கொத்திக்கொண்டிருந்தாள்.

"சரிங்கய்யா" என்றாள், நிமிராமல்.

சுற்றிப் போனால் மூன்று கிலோமீட்டர். காலையில் இருப்பது ஒரே ஒரு பஸ். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அதில்தான்.

மூளையும் இல்லை, நெஞ்சில் ஈரமும் இல்லை என்று ஜெயசுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவளுக்கு அவள் பிழைப்பு. பாதையை அடைக்கச் சொன்னது அவளா என்ன?

மத்தியானத்துக்குள் ரோஜாவை நட்டாயிற்று. சாப்பிட்டுவிட்டுப் பெரியவர் கட்டையைச் சாய்த்தார். ஜெயசுதா இதற்குத்தான் காத்திருந்தாள்.

"பச்சையம்மா, அவரு எழுந்திருக்கறதுக்குள்ள இந்த ரோஜாவை எடுத்துட்டு கருநொச்சியை வெச்சிடுவோம். ரெண்டு மழை பெய்ஞ்சா போதும், பூனைகூட நுழைய முடியாது."

பச்சையம்மா மண்வெட்டியைத் தொடவில்லை.

"வேணாங்க. அய்யா கோச்சுக்குவாரு."

"கோச்சுக்கட்டும். செடியைப் பத்தி அவருக்கு இன்னா தெரியும்?"

பச்சையம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அய்யாவுக்கா? தோட்டக்கலை ஆபீஸரா இருந்து ரிட்டையர் ஆனவருங்க. எந்தச் செடி நெழல்ல பொழைக்கும், எது சாவும்னு எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்ததே அவருதான்."

ஜெயசுதா நட்டு வைத்த ரோஜாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு முன்ன வந்தவரு இதே எடத்துல சாமந்தி வெச்சாரு. அய்யா சொல்லித்தான். ஒரு மாசம் சுத்திக்கினு போனோம். அது காய்ஞ்சுது, பழையபடி இப்டியே நடந்தோம். தோட்டக்காரரு சரியில்லைன்னு புள்ள அவரை நிறுத்திட்டாரு."

"மகன்கிட்ட நேரா சொல்ல வேண்டியதுதானே?"

"புள்ள வூட்டுல சோறு துன்றவரு. எதுத்துப் பேச முடியுங்களா? நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேணாங்க."

சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்து வந்து அவள் முன்னால் நின்றாள். நீ சொன்னால் பிடுங்குகிறேன் என்பதுபோல.

ஜெயசுதா கருநொச்சிக் கன்றுகளைப் பார்த்தாள். என்ன தளதளப்பு. நட்டால் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்ளும். அஞ்சு ப்ளாட்டும் கண் முன்னால் வந்து போயின.

போன் அடித்தது. நவீன்குமார்.

"மேடம், அப்பா போட்டோ அனுப்பினாரு. அந்த நெழல்ல ரோஜா வருமா? எனக்கென்னவோ சந்தேகமா இருக்கு. உங்க முடிவுதான். நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

ஜெயசுதா பச்சையம்மாவின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"இந்த எடத்துக்கு ரோஜாவை விட்டா வேற செடியே கெடையாது சார். வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டே தர்றேன்."