எள்ளுக்குள் எண்ணெய்

நடுக்கடல் ஆய்வுக் கப்பலில், கடலடிப் பாறையைச் சூடாக்கி அதில் எண்ணெய் ஊறுமா என்று பார்ப்பது திருவேங்கடத்தின் வேலை. கூட்டாளி ஓர் இயந்திரம். எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்கும். பாறை பிறந்த இடத்தைக் கண்டுபிடித்து, துளைபோட ஆட்களையும் தானே அனுப்பிவிடும்.

அன்று மாதிரித் தட்டில் அவன் கைமறதியாக வைத்தது, மனைவி கோமளவல்லி கட்டிக்கொடுத்த எள்ளுருண்டை.

“முற்றிய மூலப்பாறை. எண்ணெய் ஏராளம்” என்றது இயந்திரம்.

அவன் சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனான். கை கழுவுவதற்குள் காரைக்காலிலிருந்து கோமளவல்லி அழைத்தாள்.

“ஏங்க, நம்ம அடுப்பங்கரையில துளை போடணும்னு நாலு பேர் வந்து நிக்கிறாங்க!”

“அது பாறை இல்ல, பலகாரம்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேங்க. ஆளுக்கொரு உருண்டையும் கொடுத்தேன்.”

“அப்புறம்?”

“கடிச்சுப் பார்த்துட்டு, துளை போட ஆரம்பிச்சுட்டாங்க!”