"இதோ வந்துட்டேன் ஐயா"

மலைச்சரிவில் மூடுபனி இறங்கவும் கீழே பட்டியிலிருந்து மேய்ப்பர் கூப்பிட்டார்: "வந்துருங்க பிள்ளைகளா, ஓநாய் நடமாடுது!"

"இப்பத்தான் வயிறு நிறையுது. நான் வரலே போங்க," என்று சிடுசிடுத்தது செவலை ஆடு.

பக்கத்தில் மேய்ந்த மயிலை ஆடோ, "இதோ வந்துட்டேன் ஐயா," என்று தேனாய்ச் சொல்லிவிட்டு மறுபடி புல்லில் வாய்வைத்தது.

"சொல்லிட்டு நிக்கிறியேடி?"

"பதில் சொல்லியாச்சுல்ல, அவருக்கு அது போதும். உனக்குத்தான் பேசத் தெரியலே."

கூப்பிட்டவர் குரலின் நடுக்கம் செவலைக்கு உறுத்தியது. முனகிக்கொண்டே இறங்கி ஓடியது.

அதை உள்ளே விட்டுப் படலைச் சாத்திய மேய்ப்பர், "மயிலை!" என்றார்.

"இதோ வந்துட்டேன் ஐயா."

கூப்பிடக் கூப்பிட அதே பதில், ஒவ்வொரு தடவையும் இன்னும் கிட்டத்தில். கடைசியில் படலுக்கு வெளியே வந்து நின்றது.

செவலை ஆசையாய்ப் படலிடுக்கில் மூக்கை வைத்தது. குரல் மயிலையுடையதுதான். வாடை ஓநாயுடையது.